நிக்கத் தெரியணும்வே, மருமவனே!

மருமவனே, அம்பாசடருக்குப் பிரேக் வேலைய வீட்டுல வச்சு நானே பாத்துக்கிடுதேன்னு நீரு சொன்னதக் கேட்டதும் உங்க அத்தை சாமி மாடத்துல விளக்கப் பொருத்திட்டா. "சும்மா கெட புள்ள, படிச்ச பய, யூடியூப்ல எல்லாம் பாத்து வச்சிருக்கான், ஒண்ணும் ஆவாது"ன்னு நான்தான் தைரியம் சொன்னேன். சொல்லிட்டு, அவ அடுப்படிக்குப் போனதும் நானும் ஒரு திரியப் போட்டேன்.

உமக்கு நான் தாய்மாமன். எம் மவளக் கட்டுனதால மாமனாரும் ஆயிட்டேன். முதல் முறை வையுததுக்கு உரிமை, ரெண்டாவது முறை பயப்படுததுக்குக் காரணம். அம்பையில ஒர்க்ஷாப்புல கரி அப்பிக் கெடந்து, பொறவு டாக்ஸி ஓட்டித் தலை நரைச்சவன்ங்கிற தகுதியும் கொஞ்சம் இருக்கு. ஆவ, ரெண்டு வார்த்தை சொல்லுதேன். கேட்டா கேளும். கேக்காட்டி வண்டியே ஒரு நாளு சொல்லிரும்.

வண்டியப் பாத்தேன். பளபளப்புல குறை சொல்ல ஒண்ணுமில்ல. 1973 மாடல் மார்க் 2. எம் மச்சான், அதான் உங்கப்பா, வேட்டி மடிப்புக் கலையாம ஓட்டுன வண்டி. வீரவநல்லூர் தொழுவத்துல கோழி அடைஞ்சு கெடந்ததை வெளிய எடுத்து, பெயிண்ட் அடிச்சு, பம்பருக்கு முலாம் பூசி, சீட்டுக்குத் தோல் மாட்டி, நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வச்சிட்டீரு. ஹாரன் வீரவநல்லூர்ல அடிச்சா சேரன்மாதேவியில கேக்கு. எல்லாம் சரி, பிரேக் எப்பிடி இருக்குன்னு கேட்டேன். "மூணு தடவ மிதிச்சா பிடிக்குது மாமா"ன்னீரு. ரொம்ப நல்லது. ரோட்டுல குறுக்க வார மாட்டுகிட்ட, 'சித்த நில்லு, இன்னும் ரெண்டு மிதி பாக்கி இருக்கு'ன்னு அந்த ஹாரன்லயே சொல்லிக்கிடுவீரு போல.

ஓடுததுல என்னவே பெருமை? தள்ளிவிட்டா தகர டப்பாவும் ஓடும். நிப்பாட்டுததுதான் வேலை. ஆனி மாசம் நெல்லையப்பர் தேர இழுக்க ஊரே வருது. 2024-ல வடம் அத்துப் போச்சு. டவுன்ல டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சு. ஆனா அம்மாம் பெரிய தேரு அசைஞ்சு வரும்போது சக்கரத்துக்கு முன்னால குனிஞ்சு முட்டுக்கட்டைய வைக்கானே, அவன் பேர எவனாவது கேட்டானா? அவன் கை ஒரு நிமிசம் பிந்துனா முக்குல இருக்க கடை எல்லாம் சாமிக்குத்தான். திருவாரூர்க்காரங்க ஒரு படி மேல போயி, ஆழித்தேருக்குத் திருச்சி பெல் கம்பெனிய வச்சு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் மாட்டிக்கிட்டாங்க. சாமியவே பிரேக் இருக்கான்னு பாத்துத்தான் தேர்ல ஏத்துதாங்க. நீரு ஏத்தப் போறது எம் மவள.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிடும். பிரேக் நமக்கு அந்நியமான சங்கதி இல்ல. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-ல பொறந்தது நம்ம திருக்குறுங்குடியில. வக்கீல் சோலி, ரயில்வே, பேங்க்னு எல்லாத்தையும் பாத்துட்டுக் கடைசியில பஸ் விட்டவரு. அந்தக் குடும்பத்துக் கம்பெனியும் இங்கிலாந்து கர்லிங்கும் கூட்டுச் சேந்து 1962-ல சென்னை பாடியில தொடங்குனதுதான் பிரேக்ஸ் இந்தியா. கடையில நீரு வாங்குத டப்பாவுல 'டிவிஎஸ் கர்லிங்'னு போட்டிருக்கும் பாரும், அதுல பாதி நம்ம பக்கத்துப் பேரு. ஊர் ஊரா வண்டிய ஓடவிட்ட குடும்பம் நிப்பாட்டுததுக்கும் ஒரு கம்பெனி வச்சிச்சு. நீரு ஸ்பீக்கர் வச்சீரு.

சரி, வேலைக்கு வருவோம். பழைய அம்பாசடர்ல உம்ம பாதத்துக்குக் கீழ, தரைத் தகரத்துக்கு அடியில மாஸ்டர் சிலிண்டர் உக்காந்திருக்கு. மேட்டைத் தூக்கிப் பாத்தாத்தான் மூடி தெரியும். பல பேருக்கு அப்பிடி ஒண்ணு இருக்கதே தெரியாது. அவங்கெல்லாம் பானெட்டத் தெறந்து ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்திட்டு, எல்லாம் பாத்தாச்சுன்னு கையத் தட்டிக்கிட்டுப் போயிருவாங்க. நீரு பெடல மிதிச்சா அந்த சிலிண்டர்ல இருக்க ஆயில் அமுங்கி, குழா வழியா நாலு வீலுக்கும் போயி, வீல் சிலிண்டருக்குள்ள இருக்க பிஸ்டனத் தள்ளும். அது ஷூவத் தள்ளும். ஷூ டிரம்மப் பிடிக்கும். அடைச்சு வச்ச திரவத்துல ஒரு எடத்துல அமுக்குனா அந்த அமுக்கு குறையாம எல்லாத் திசைக்கும் போவும்னு பாஸ்கல்னு ஒரு பிரான்ஸ்காரன் 1600-கள்லயே சொல்லிட்டான். அத வண்டிக்குக் கொண்டுவந்து 1917-ல உரிமை வாங்குனவன் அமெரிக்காக்காரன் மால்கம் லாக்ஹீட். 1921-ல டூசன்பெர்க் கார்ல நாலு வீலுக்கும் மாட்டுனாங்க. நூறு வருசத்துச் சங்கதி இது. நீரு புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேண்டாம், இருக்கத கெடுக்காம இருந்தாப் போதும்.

கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இப்ப வார வண்டியில ஆயில் ரெண்டு வழியாப் போவும். ஒண்ணு பழுதானா இன்னொண்ணு கொஞ்சமாவது பிடிக்கும். உம்ம வண்டிக்கு ஒரே வழிதான். எங்கனயாவது ஒரு குழாயில ஒழுகிச்சு, நாலு வீலும் சேந்து கைய விரிச்சிரும். அப்ப உமக்கு மிச்சம் ஹேண்ட் பிரேக் ஒண்ணுதான். அது கேபிள்ல பின் வீலப் பிடிக்கது, ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது. உம்ம வண்டியில அந்த ஹேண்ட் பிரேக்க இழுத்துப் பாத்தேன். கையோட வந்துச்சு, ஒண்ணையும் பிடிக்கல. துண்டு காயப்போட ஆவும்.

வண்டியத் தூக்குததுக்கு ஜாக்கி ஒண்ணே போதும்வே, ஸ்டாண்ட் எதுக்கு வீண் செலவு? நாலு செங்கல அடுக்கி அதுமேல வண்டிய நிறுத்தி, அடியில படுத்து ஆராய்ச்சி பண்ணும். செங்கலு பாவம், எம்புட்டு நேரம்தான் தாங்கும்? அது உடையுததுக்குள்ள நீரு எந்திரிச்சிட்டா ஜெயிச்சீரு. உம்ம பேருல எல்.ஐ.சி. இருக்குன்னு எம் மவ சொன்னா, அதனால எனக்கும் பெரிய கவலை இல்ல. கவலைப்படுத ஆளா இருந்தா, கெட்டித் தரையில ஜாக்கியப் போட்டுத் தூக்கி, இரும்பு ஸ்டாண்ட்ல வண்டிய எறக்கி, நாலு தடவ அசைச்சுப் பாத்துட்டுத்தான் சக்கரத்துல கைய வைப்பான். பின் டிரம்மக் கழத்தணும்னா ஹேண்ட் பிரேக்க விட்டுத்தானே ஆவணும்? அப்ப வண்டிய யாரு பிடிச்சுக்கிடுவா? முன் சக்கரம் ரெண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கட்டைய அண்டக் கொடுத்திரும்.

டிரம் வராது. அம்புட்டு வருசம் தொழுவத்துல நின்னது எப்பிடி ஒடனே வரும்? ஷூ துரு ஏறி டிரம்மோட ஒட்டிப் போயிருக்கும். அதுக்காக சம்மட்டிய எடுத்துக்கிட்டு வந்திராதேயும். டிரம்மு வார்ப்பிரும்பு, ஓரத்துல அடிச்சீர்னா விரிசல் விட்டிரும், அப்புறம் வேற டிரம்மு தேடிச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைக்கு ரயில் ஏறணும். முதல்ல அட்ஜஸ்டர லூசாக்கும். மரக்கட்டைய வச்சுச் சுத்திச் சுத்திப் பைய தட்டும். வரும்.

கழண்டதும் உள்ள கருப்பா மாவு மாதிரி தூசி கெடக்கும். வாய வச்சு ஊதுவீரு பாரும், அங்கனதான் நான் உம்ம கையப் பிடிக்கணும். பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பான். அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது. பல வருசம் கழிச்சு நுரையீரல்ல புத்துநோயாத் தலைகாட்டும். கம்ப்ரசர் காத்தடிச்சுச் சுத்தம் பண்ணுதவனும் உண்டு, தெருவுக்கே பங்கு வைப்பான். நீரு மூக்குல மாஸ்க்கப் போட்டு, ஈரத்துணியால ஒத்தி எடுத்து, துணியோட பிளாஸ்டிக் பையில கட்டிப் போடும். கொரோனாவுக்கு வாங்குன மாஸ்க்கு இதுக்குக் காணாது, நுண்ணிய தூசியத் தடுக்குத மாஸ்க்கா வாங்கும்.

ஸ்பிரிங்கக் கழத்துததுக்கு முன்னால போட்டோ எடுத்துக்கிடும். காலையில காப்பிய எடுக்கீரு, இட்லிய எடுக்கீரு, இத எடுத்தா என்ன? அந்தக் காலத்துல எங்ககிட்ட போட்டோ கெடையாது, வேற ஒரு வித்தை இருந்துச்சு. ஒரு பக்கத்து வீல முழுசா முடிக்காம மறு பக்கத்தத் தொட மாட்டோம். எந்த ஸ்பிரிங்கு எந்த ஓட்டையில மாட்டுதுன்னு சந்தேகம் வந்தா, கழத்தாத பக்கத்தப் போயிப் பாத்துக்கிடுவோம். ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாப் பிரிச்சுப் போட்டுட்டுத் தார்சாவுல சாமான் பரப்பி உக்காந்திருந்தவன் ஒருத்தன் உண்டு. எல்லாம் மாட்டி முடிச்சதும் கையில ஒரு ஸ்பிரிங் மிச்சம். "கம்பெனிக்காரன் கூட ஒண்ணு குடுத்திருக்கான்"னான். கம்பெனிக்காரன் என்ன காய்கறிக் கடையா வச்சிருக்கான், கொசுறு போடுததுக்கு?

டிரம்மக் கழத்தி வச்சிருக்கும்போது பேரனக் கார் பக்கமே விடாதேயும். அவன் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு 'டுர்ர்'ன்னு ஒரு மிதி மிதிச்சான்னா, வீல் சிலிண்டர்ல இருந்து பிஸ்டன் தெறிச்சு வெளிய வந்திரும், பின்னாலயே ஆயிலும் வரும். சிலிண்டரச் சுத்தி ஒரு கம்பியோ ரப்பர் பேண்டோ போட்டுக் கட்டி வையும். பேரனையும் கட்டி வைக்கலாம், ஆனா அவன் ஆச்சி உம்மச் சும்மா விட மாட்டா.

இப்ப சிலிண்டர். அம்பாசடருக்கு முன் வீலுல ஷூவுக்கு ஆளுக்கொரு சிலிண்டர். பின் வீலுல ரெண்டு ஷூவுக்கும் சேத்து ஒண்ணு. உள்ள இருக்க ரப்பர எங்க ஆளுங்க பக்கெட்டும்பாங்க. வருசக்கணக்குல கெடந்தா அது கல்லாயிரும், இல்ல கூழாயிரும். பக்கெட்ட மட்டும் மாத்திட்டுச் சிலிண்டர விட்டிராதேயும். உள்ள விரல விட்டுத் தடவும். நகத்துல தட்டுத மாதிரி குழி இருந்தா, துரு அரிச்சிருக்குன்னு அர்த்தம். அதுமேல புது ரப்பரு ஓடுனா கொஞ்ச நாளுல கிழிஞ்சு பழையபடி ஒழுகும். சிலிண்டரையே மாத்தும். அம்பாசடர் 2014 மே மாசம் வரைக்கும் உத்தர்பாரா ஆலையில தயாரான வண்டி. சாமானுக்கு இன்னும் பஞ்சம் வரல. மாஸ்டர் சிலிண்டருக்கும் இதே விதிதான்.

உம்ம அலமாரியில மண்ணெண்ணெய் டின்னு ஒண்ணு பாத்தேன். எதுக்குன்னேன். 'சிலிண்டரு கழுவ'ன்னீரு. நல்ல காலம், கேட்டேன். மண்ணெண்ணெய், பெட்ரோல், இன்ஜின் ஆயிலு எதுவும் அந்த ரப்பர் மேல படக்கூடாது. பட்டா ரப்பரு ஊதிப் போயி பிஸ்டனக் கவ்வும். மிதிச்ச பிரேக்கு திரும்பி வராது. புது பிரேக் ஆயிலாலயே கழுவும், இல்ல ஸ்பிரிட்டாலக் கழுவும். ஆதி காலத்துல பிரேக் ஆயில்ங்கிறதே விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான், ரப்பருக்கு ஒத்துப் போவும்னுதான் அப்பிடி. அதுக்காக இப்ப ஆச்சிகிட்ட போயி விளக்கெண்ணெய் கேக்காதேயும். அவ உம்ம மூஞ்சியப் பாத்துட்டு, ஏற்கெனவே இருக்கேம்பா.

டாட் 3ன்னு போட்ட ஆயில் டப்பாவ வாங்கும், சின்ன டப்பாவா வாங்கும். மூடியத் தெறந்து வச்ச பிரேக் ஆயிலு காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கிடும், தெறந்து வச்ச கல்லிடைக்குறிச்சி அப்பளம் நமத்துப் போறாப்புல. புதுசுல டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரி சூடு வேணும். தண்ணி ஏறுனா 140 டிகிரியிலயே கொதிச்சிரும். கொதிச்சா ஆவி, ஆவியானா மிதி எல்லாம் ஆவியத்தான் அமுக்கும், சக்கரத்தப் பிடிக்காது. மலையெறக்கத்துல பெடலு தரையத் தொடுது, வண்டி நிக்கலன்னு சொல்லுதாங்கல்லா, அதுல பாதி கதை இதுதான். அப்புறம், அந்த ஆயிலு ஒரு சொட்டு உம்ம புதுப் பெயிண்ட் மேல பட்டா பெயிண்ட உரிச்சுப்புடும். இதச் சொன்னதும்தான் உம்ம முகத்துல பயத்தப் பாத்தேன். உசுருக்கு வராத பயம் பெயிண்ட்டுக்கு வருது. எடுத்த பழைய ஆயிலக் கன்னடியன் கால்வாய்ல ஊத்திராதேயும். கீழ தூத்துக்குடி வரைக்கும் தாமிரபரணியத்தான் குடிக்காங்க. பாட்டில்ல பிடிச்சு, கழிவு ஆயில் எடுக்க ஒர்க்ஷாப்புல குடும்.

லைனரப் பாரும். ஆணித் தலை டிரம்மத் தொடுத அளவுக்குத் தேஞ்சிருந்தா உடனே மாத்தணும். அது டிரம்மையே சுரண்டிரும். லைனர்ல ஆயிலோ கிரீஸோ ஊறியிருந்தா, பெட்ரோல் ஊத்திக் கொளுத்தி எடுத்தாச் சரியாவும்னு ஒரு வைத்தியம் ரோட்டோரத்துல உண்டு. நோயும் போவாது, வைத்தியன் மீசையும் மிஞ்சாது. ஊறுனது ஊறுனதுதான். மாத்தும். மாத்தும்போது ஜோடியா மாத்தும். இடது பக்கம் புதுசு, வலது பக்கம் பழசுன்னா பிரேக் பிடிக்கையில வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போவும். ஊறவச்ச காரணத்தையும் தேடும். பின் ஆக்சில் சீலு ஒழுகுனா நாளைக்குப் புது லைனரும் குளிக்கும்.

டிரம்மு உள்ள வரி விழுந்திருந்தா, முட்டை வடிவமாப் போயிருந்தா, அது வீட்டு வேலை இல்ல. லேத் பட்டறைக்குக் கொண்டு போவும். ஒரு பக்கத்து டிரம்மக் கடைஞ்சா மறுபக்கத்தையும் அதே அளவு கடையச் சொல்லும். கடைஞ்சு கடைஞ்சு அளவு மீறிப் போனா டிரம்மு தகரமாயிரும். பட்டறைக்காரன் "இனி தாங்காது"ன்னா, அவன்கிட்ட கூகுளக் காட்டி வாதாடாதேயும்.

எல்லாம் மாட்டியாச்சு. இனிதான் குடும்பச் சண்டை. குழாயில இருக்க காத்த எடுக்கணும். அதுக்கு ரெண்டு ஆளு வேணும்: ஒருத்தர் பெடல்ல, ஒருத்தர் வீல்ல. எம் மவ பெடல்ல உக்காருவா, நீரு வீலுகிட்ட குனிஞ்சிருப்பீரு. கல்யாணமான நாள்ல இருந்து அவ சொல்லுததக் கேட்டு நீரு ஆடுனீரு. இன்னைக்கு ஒரு நாள் நீரு சொல்லி அவ மிதிக்கணும். நடக்குமான்னு பாப்போம். பிளீடர் நிப்பிள்ல ஒரு டியூப மாட்டி, மறு நுனிய ஆயில் இருக்க பாட்டில்ல முக்கி வையும். "அமுக்கு"ன்னா அமுக்கணும், "பிடி"ன்னா காலு எடுக்காமப் பிடிக்கணும். அவ பிடிச்சிருக்கும்போது நிப்பிள அரைச் சுத்து தெறந்தா ஆயிலோட சேந்து குமிழி வரும். பெடலு கீழ போயிச் சேந்ததும், அவ கால எடுக்காம அமுக்கிப் பிடிச்சிருக்கப்பவே நிப்பிள மூடணும். மூடுன பொறவுதான் "விடு". இந்த வரிசை மாறுனா வெளிய போன காத்து பூரா திரும்ப உள்ள வரும்.

மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்துல இருக்க வீலுல இருந்து தொடங்கும்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். நடுவுல நடுவுல மேட்டைத் தூக்கி ஆயில ஊத்திக்கிட்டே இரும். தொட்டி வத்துனா முதல்ல இருந்து தொடங்கணும். பாட்டில்ல விழுந்த ஆயில மறுபடி ஊத்துத கஞ்சத்தனம் வேண்டாம். துரு ஏறிப் போன நிப்பிள்ள பானாவ மாட்டி உம்ம வீரத்தக் காட்டாதேயும். தலை மட்டும் கையோட வந்திரும். முந்தின நாளே துரு எண்ணெய் விட்டு ஊறவையும்.

முடிஞ்சதும் பெடலு உம்ம காலுல நாலு விதமாப் பேசும். மிதிச்சா கல்லு மாதிரி நின்னா நல்லது. பஞ்சு மாதிரி அமுங்குனா உள்ள இன்னும் காத்து இருக்கு. முதல் மிதியில கீழ போயி ரெண்டாவது மிதியில மேல வந்து கெட்டியானா, ஷூவுக்கும் டிரம்முக்கும் எடவெளி கூட, அட்ஜஸ்டர முறுக்கும். சக்கரம் சுத்தாத அளவு முறுக்கி, பொறவு உரசிக்கிட்டு சுத்துத அளவுக்குக் கொஞ்சம் திருப்பி விடும். நாலாவதுதான் ஆபத்து: அழுத்திப் பிடிச்சு ஒரு நிமிசம் இருக்கும்போது பெடலு பைய பைய கீழ போனா, எங்கனயோ ஒழுகுது, இல்லன்னா மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் வேலை செய்யல. அந்த வண்டிய வாசலத் தாண்டி எடுக்கக் கூடாது. பெடலுக்கு மேல கொஞ்சம் சும்மா ஆடுத எடமும் வேணும். அது இல்லன்னா பிரேக் விட்ட பொறவும் பிடிச்சுக்கிட்டே இருந்து டிரம்மு சூடேறிக் கொதிக்கும். பழைய ரப்பர் ஹோசு உள்ள வீங்குனாலும் அதே கதிதான். ஆயிலு போவும், திரும்பி வராது. ஹோசும் மாத்தும்.

சோதனைக்கு நேராத் திருநெல்வேலி ஈரடுக்குப் பாலத்துக்குப் போயி நிக்காதேயும். அந்தப் பாலமும் 1973-ல தெறந்தது, உம்ம வண்டியும் அதே வருசம். ஒத்த வயசுக்காரங்க சந்திக்கதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. ஆனா ஏத்தத்துல டிராபிக்ல நின்னு வண்டி பின்னால உருளும் பாரும், அப்பதான் ஒரு ரகசியம் தெரிய வரும். முன் வீலுல ரெண்டு ஷூவும் வண்டி முன்னால போவும்போது டிரம்மோட சேந்து தானா உள்ள இழுக்கப்பட்டு இறுக்கிப் பிடிக்குத மாதிரி அமைச்சிருக்கான். பின்னால போனா அந்த இழுப்பு கெடையாது, பிடி குறைஞ்சு போவும். பின்னால நிக்கது பேருந்தா இருந்தா அதோட டிரைவரு உம்ம வண்டி பளபளப்பைக் கிட்டத்துல பாப்பாரு. முதல்ல உம்ம களத்துல நடக்க நடையில ஓட்டி நிப்பாட்டும். பொறவு ஆளில்லாத ரோட்டுல கொஞ்சம் வேகத்துல. ரெண்டு பக்கமும் சமமாப் பிடிக்கா, ஹேண்ட் பிரேக் தனியா நிக்குதான்னு பாத்துட்டு டவுனுக்குப் போவும்.

மாஞ்சோலை மலைக்குப் போவ ஆசை இருக்குன்னு எம் மவ சொன்னா. வனத்துறை அனுமதி வாங்கி மணிமுத்தாறு வழியா ஏறலாம். ஏறுததுல யாருக்கும் கஷ்டமில்ல, இன்ஜின் முக்கி முனகி ஏறிரும். எறங்கும்போது நியூட்ரல்ல விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்காதேயும். ஏறுன கியர்லயே எறக்கும், இன்ஜினே பிடிச்சுக்கிட்டு வரும். பிரேக்க விட்டு விட்டு மிதியும். தொடர்ந்து மிதிச்சா டிரம்மு சூட்டுல விரிஞ்சு ஷூவ விட்டு விலகும்; பெடலு நீண்டு நீண்டு போவும். மழைக்காலத்துலயும் கவனம். 2023 டிசம்பர் 17, 18-ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. கொட்டுனப்ப, தண்ணிக்குள்ள எறங்குன டிரம் பிரேக்குக்கு என்ன ஆவும்னு நெல்லையும் தூத்துக்குடியும் பாத்துச்சு. நனைஞ்ச ஷூ பிடிக்காது. தண்ணியத் தாண்டுனதும் மெதுவா ஓட்டிக்கிட்டே பெடல லேசா மிதிச்சு மிதிச்சுக் காய வையும்.

கடைசியா, 'விண்டேஜ்' நம்பர் வாங்கப் போறேன்னீரு. 2021 ஜூலையில மத்திய சர்க்கார் விதி போட்டிருக்கு: 50 வருசம் தாண்டி, உருமாறாம இருக்க, வியாபாரத்துக்கு ஓட்டாத வண்டிக்கு 'வி.ஏ.'ன்னு எழுத்துப் போட்டு நம்பர் குடுப்பாங்க. புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, 10 வருசத்துக்குச் செல்லும். ஆனா தினசரி சோலிக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பாக்க, இதுக்குத்தான் வெளிய எடுக்கலாம். எனக்கும் அம்பது தாண்டி எத்தனையோ வருசமாச்சு, இந்த விதிய உங்க அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். கேட்டுட்டுக் கையில பையக் குடுத்து ரேஷன் கடைக்கு அனுப்பிட்டா. நம்பர் வாங்கும், வேண்டாங்கல. கண்காட்சிக்குப் போனாலும் வண்டி அங்கன போயி நிக்கணும்லா?

முடிவாச் சொல்லுதேன். கழுவுதது, ஷூ மாத்துதது, காத்து எடுக்கது, அட்ஜஸ்ட் பண்ணுதது: பொறுமை இருந்தா வீட்டுல செய்யலாம். டிரம் கடையுதது, லைனர் ஆணி அடிக்கது, அரிச்சுப் போன இரும்புக் குழாய மாத்துதது: தெரிஞ்சவன்கிட்ட குடும், பக்கத்துல நின்னு பாரும், கேட்ட கூலியக் குடும். ஏதாவது ஒரு வேலைய நாளைக்குத் தள்ளணும்னா பாலிஷத் தள்ளும்வே. பிரேக்க மட்டும் இன்னைக்கே பாரும்.